சாம்பலில் பிறந்த சொல்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

ஆண்டறிக்கை என்பது கணக்குகளை நேர்செய்து மஹல்லாவாசிகள் முன் வைக்கும் ஏடு. நிர்வாகிகள் வரவு செலவுக் கணக்கை முன்பக்கங்களில் வைத்திருக்கின்றார்கள். அடியேனும் என் பங்கிற்கு ஒரு கணக்கை நேர்செய்ய வேண்டியுள்ளது. அது மிம்பர் அருகில் நின்று நான் சொன்ன ஒரு செய்தியின் கணக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில், அறிவியலுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினைப் பற்றிப் பேசினேன். கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகிய மூன்றையும் எட்டாம் நூற்றாண்டிலேயே கூஃபா நகரில் ஜாபிர் இப்னு ஹய்யான் கண்டுபிடித்துவிட்டார் என்று உறுதிபடக் கூறினேன். ஏதோ ஒரு மலரில் வாசித்த செய்தி அது. அந்த மலரோ வேறொரு மலரிலிருந்து எடுத்திருந்தது. தொழுகை முடிந்து ஸுன்னத்தும் முடிந்த பின்னர், கல்லூரியில் வேதியியல் பயிலும் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொல்லி அமர்ந்தார். "ஹஜ்ரத், ஒரு ஹதீஸைக் கேட்டால் அதன் அறிவிப்பாளர் வரிசையைக் கேளுங்கள் என்று எங்களுக்குக் கற்றுத் தந்தது நீங்கள்தானே. இன்று சொன்ன செய்திக்கு ஸனது என்ன?" என்று பணிவாகவே கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. தேடிச் சொல்கிறேன் என்றேன். தேடப் புகுந்தபோது, நான் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. அமிலத்தைப் பற்றிய என் செய்திக்கு ஸனது அறுபட்டுக் கிடந்தது. ஆனால் அமிலத்தின் எதிர்த்துருவமாகிய காரத்தைப் பற்றி, யாராலும் மறுக்க இயலாத ஒரு செய்தி, மதரஸாவில் நான் மாணவனாக இருந்த காலம் முதல் என் கையிலேயே இருந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

ஹனஃபி மத்ஹபின் பாடநூலாகிய முக்தஸருல் குதூரியை ஓதியவர்கள் அறிவார்கள். ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இமாம் குதூரி (ரஹ்) அவர்கள் தூய்மையைப் பற்றிய பாடத்தின் தொடக்கத்திலேயே, தூய பொருள் கலந்து தன் தன்மைகளில் ஒன்று மாறிய நீரால் தூய்மை செய்வது கூடும் என்று சொல்லி, அதற்கு எடுத்துக்காட்டாக வெள்ள நீரையும், உஷ்னான், ஸாபூன், குங்குமப்பூ ஆகியவை கலந்த நீரையும் குறிப்பிடுகின்றார்கள். ஸாபூன் என்றால் சவர்க்காரம், தெரியும். குங்குமப்பூவும் தெரியும். உஷ்னான் என்றால் என்ன? எங்கள் உஸ்தாத் "கை கழுவ உதவும் ஒரு செடி" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். நாங்களும் போய்விட்டோம்.

அந்தச் செடியில்தான் வரலாறு இருக்கிறது. உவர் நிலங்களிலும் பாலைவன ஓரங்களிலும் வளரும், சதைப்பற்றான, உப்பை உறிஞ்சி வாழும் செடியினம் அது. தூத்துக்குடி, இராமநாதபுரம் கடலோரத்து உப்பளப் பகுதிகளில் உமரி என்று ஒரு செடி படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உவர்நிலத்தில் உப்பை உண்டு வாழ்வதில் அதுவும் அந்த இனங்களைப் போன்றதே. இவ்வகைச் செடியை உலர்த்தி எரித்தால் கிடைக்கும் சாம்பலில் சோடியம் கார்பனேட் மிகுதியாக இருக்கும். அந்தச் சாம்பலுக்கு அரபியர் இட்ட பெயர் அல்-கலீ. வறுத்தல், பொரித்தல் என்னும் பொருளுடைய கலா என்ற வினையோடு அதனைச் சேர்த்துச் சொல்வர். நம் வீட்டு விருந்துகளில் பரிமாறப்படும் கலியாவும் அதே வேரில் கிளைத்த சொல்தான் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். ஐரோப்பியர் அந்த அரபுச் சொல்லை முன்னொட்டோடு சேர்த்து அப்படியே எடுத்துக்கொண்டு அல்கலி என்றனர். இன்று உலகின் எந்த ஆய்வுக்கூடத்திலும் அந்தச் சொல் புழங்குகின்றது.

இங்கும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். செடிச் சாம்பலைக் கொண்டு கண்ணாடி வார்க்கும் கலை இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஈராக் மண்ணில் இருந்தது. நம் முன்னோர் அதை முதலில் கண்டவர்கள் அல்லர். அவர்கள் செய்தது வேறு. அந்தச் சாம்பலைக் கரைத்து, வடித்து, வலுவூட்டி, அதன் செய்முறையை மற்றவர் பின்பற்றும்படி எழுதி வைத்தார்கள்.

வலுவூட்டுதல் என்பதைச் சற்று விளக்க வேண்டும். வெறும் சாம்பல் நீர் மென்மையான காரம். அதனுடன் சுண்ணாம்பைச் சேர்த்தால், சாம்பலில் உள்ள கார்பனேட்டைச் சுண்ணாம்பு தன்னோடு இழுத்துக்கொண்டு வெண்பொடியாக அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீரில் எஞ்சுவது சோடியம் ஹைட்ராக்சைடு. இன்று கடைகளில் காஸ்டிக் சோடா என்று விற்கப்படுவது அதுவே. தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். ரய் நகரில் பிறந்த மருத்துவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி (ஹிஜ்ரி 251–313, கி.பி. 865–925) தம் கிதாபுல் அஸ்ரார் என்னும் நூலில், கலீயையும் நீற்றாத சுண்ணாம்பையும் சம அளவு எடுத்து, நீர் ஊற்றி, சில நாள் வைத்திருந்து வடித்தெடுக்கும் முறையைச் சொல்கின்றார். அந்நூலை யூலியஸ் ரூஸ்கா என்னும் ஜெர்மானிய அறிஞர் 1937இல் தம் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். பெயரில் இரகசியங்கள் என்று இருந்தாலும் நூலின் பெரும்பகுதியில் இரகசியம் ஏதும் இல்லை. எந்தப் பாத்திரம், எவ்வகை அடுப்பு, எதனோடு எதைச் சேர்ப்பது என்பதையெல்லாம் ஒரு சமையல் குறிப்பைப் போல அவர் எழுதிச் செல்கிறார். வடிகலத்திற்கு அவர் சொல்லும் அன்பீக் என்ற சொல்லும் ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. ஆனால் அது கிரேக்கத்திலிருந்து அரபுக்கு வந்த சொல்.

இந்தக் காரம் எண்ணெயோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரமே சான்று. ஜோர்தான் நதிக்குக் கிழக்கே உள்ள நிலப்பரப்பில் பதவிகள் இந்தச் செடிகளைச் சேகரித்து, குவித்து எரித்து, சாம்பலை ஒட்டகங்களில் ஏற்றி நாப்லுஸுக்குக் கொண்டுவந்தனர். அதனை அங்கே கில்வ் என்பர். அதை இடித்துச் சுண்ணாம்புடன் கலந்து, வெந்நீர் விட்டு, வடிந்த நீரைப் பெரிய செம்புக் கொப்பரையில் உள்ள ஆலிவ் எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சினர். பிறகு தரையில் ஊற்றிப் பரப்பி, இறுகியதும் கட்டிகளாக அறுத்து, காற்றுப் புகும்படி கூம்புக் கோபுரங்களாக அடுக்கி உலர்த்துவர். எண்ணெயை உடைத்தால் கொழுப்பு அமிலமும் கிளிசரினும் வெளிவரும். காரம் அந்த உடைப்பைச் செய்து, வெளிவந்த அமிலத்தைத் தானே பற்றிக்கொள்கிறது. அவ்வாறு பற்றிக்கொண்டதால் உண்டாகும் உப்புதான் சவர்க்காரம். விறகுச் சாம்பலில் மிகுந்திருக்கும் பொட்டாசியக் காரத்தால் செய்தால் சவர்க்காரம் குழைவாக இருக்கும். உவர்ச்செடிச் சாம்பலின் சோடியக் காரத்தால் செய்தால்தான் கட்டியாக இறுகும். தொலைதூர வணிகத்துக்கு ஏற்றது இறுகிய கட்டி. நாப்லுஸ் சவர்க்காரக் கலையையும் சிரியாவின் ஹலப் நகரத்துச் சவர்க்காரக் கலையையும் 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நம் ஃபுகஹாக்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நஜீஸ் பட்ட எண்ணெயைச் சவர்க்காரமாகக் காய்ச்சிவிட்டால் அது தூய்மையாகிவிடும் என்று, ஹிஜ்ரி 1088இல் (1677) மறைந்த இமாம் ஹஸ்கஃபீ (ரஹ்) அவர்கள் துர்ருல் முக்தாரில் குறிப்பிடுகின்றார்கள். பொருளின் மூலமே மாறிவிடுவதால் சட்டமும் மாறுகிறது என்பதே இதன் அடிப்படை. மது காடியாக மாறினால் தூய்மையாவதும் இதே அடிப்படையில்தான். இரண்டு பொருள் கலந்து நிற்பது வேறு. இரண்டும் அழிந்து மூன்றாவது ஒன்று பிறப்பது வேறு. குதூரியில் உஷ்னான் கலந்த நீர் முதல் வகை. சவர்க்காரமாகிவிட்ட எண்ணெய் இரண்டாம் வகை. வேதியியல் பாடத்தில் கலவை என்றும் வேதிவினை என்றும் பிரிப்பதை நம் பெரியவர்கள் உளூவுக்காகவும் தொழுகைக்காகவும் பிரித்து வைத்தார்கள்.

இனி அமிலத்தின் பக்கம் வருவோம். அக்காலத்தில் மக்கள் கையில் இருந்த அமிலம் காடியும் புளித்த பழச்சாறுகளுமே. வீட்டில் குழம்பு இல்லாமல் காடி மட்டுமே இருந்தபோது, அதையே நல்ல குழம்பு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் புகழ்ந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதை அறிவிப்பவர் ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள். அந்த ஜாபிர் நபித்தோழர். நாம் பேசவிருக்கும் ஜாபிர் வேறு.

அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிந்தே இருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள சட்டியைச் சாம்பலால் துலக்குவார்கள். கறுத்த செம்பைப் புளியால் துலக்குவார்கள். புளியையும் சாம்பலையும் ஒன்றாகக் குழைத்துத் தேய்ப்பவர் இல்லை. குழைத்தால் இரண்டின் கூர்மையும் குறைந்து, உப்பும் நீரும்தான் மிஞ்சும். அமிலம் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கிறது, காரம் அதனை வாங்கிக்கொள்கிறது. இதையே நடுநிலையாக்கல் என்று பாடநூல் சொல்கிறது. செம்பின் மேல் படிந்த கறுப்பு ஆக்சைடும் ஒரு காரமே. ஆனால் அது நீரில் கரையாது. நீரில் கரையும் காரத்தை மட்டும் எரிகாரம் என்பர். அல்-கலீ அவ்வகையைச் சேர்ந்தது. புளியின் அமிலம் அந்தக் கறுப்புக் காரத்தைக் கரைத்து உப்பாக்கிக் கொண்டுபோவதால்தான் செம்பு பளபளக்கிறது.

அதே காரணத்தால்தான் செம்புத் தேக்சாவில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு காய்ச்சக் கூடாது என்பார்கள். முன்பெல்லாம் ரமளானுக்கு முன்னால் கஞ்சித் தேக்சாக்களுக்கு ஈயம் பூசுகிறவர் பள்ளிவாசல் முற்றத்தில் வந்து உட்கார்ந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேக்சாவைத் தணலில் காய்ச்சி, ஒரு வெள்ளைப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழும். பஞ்சால் துடைக்க ஈயம் வெள்ளியாய்ப் படரும். அந்தப் பொடி நவச்சாரம், அரபியில் நூஷாதிர். சூடு பட்டதும் அது அம்மோனியா என்ற காரமாகவும் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில ஆவியாகவும் பிரிகிறது. அமில ஆவி செம்பின் மேலிருக்கும் கறையைத் தின்கிறது. மேலே எழுந்து குளிர்ந்ததும் இரண்டும் மீண்டும் கூடி நவச்சாரமாகின்றன. நாம் கண்ட வெண்புகை அதுதான்.

இந்த நவச்சாரத்தைப் பற்றி விரிவாகப் பேசியவை ஜாபிரின் பெயரால் வழங்கும் அரபு நூல்கள். கனிமமாகக் கிடைப்பதைத் தவிர, முடி போன்ற உயிர்ப்பொருள்களிலிருந்தும் அதனை எடுக்கலாம் என்று அவை சொல்கின்றன. இது உண்மையான பெருமை. நவச்சாரத்தையும் அன்னபேதி போன்ற உப்புகளையும் சேர்த்துக் காய்ச்சிய செய்முறைகளும் அரபு நூல்களில் உண்டு. அவற்றில் அமில ஆவி எழுந்திருக்கும். ஆனால் அதைப் பிடித்து, தனிப்பொருள் என்று கண்டு பெயரிட்டதாகச் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் மூன்று அமிலங்களின் கதை எங்கிருந்து வந்தது? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனை அடுத்தும் ஐரோப்பாவில் கெபர் என்ற பெயரில் இலத்தீன் நூல்கள் சில தோன்றின. கெபர் என்பது ஜாபிர் என்பதன் இலத்தீன் உருவம். அன்னபேதி, வெடியுப்பு, படிகாரம் மூன்றையும் சேர்த்து வடித்து நைட்ரிக் அமிலம் எடுக்கும் முறை அவற்றில் ஒன்றில் உள்ளது. நூலில் ஜாபிர் என்று இருக்கிறது, ஆகவே ஜாபிர் சொன்னார் என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பினர். 1893இல் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ அரபு நூல்களையும் இலத்தீன் நூல்களையும் ஒப்பிட்டு, இவை ஒருவர் எழுதியவை அல்ல என்றார். அந்த இலத்தீன் நூல்களில் தலையாயதை 1991இல் பதிப்பித்த வில்லியம் நியூமன், அதனை எழுதியவர் தாரந்தோ ஊரைச் சேர்ந்த பவுல் என்னும் கிறித்தவத் துறவி என்று சான்றுகளோடு காட்டுகிறார். ஹலப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த அஹ்மத் யூஸுஃப் அல்-ஹஸன் இதனை ஏற்கவில்லை. இலத்தீன் நூல்களின் மூலம் அரபுதான் என்று இறுதிவரை வாதிட்டார். அவருடைய வாதத்தையும் மதிக்கிறேன். ஆனால் வாதத்தில் இருப்பதை முடிந்த முடிவாக மக்கள் முன் சொல்வது எனக்கு ஆகுமானதாகத் தோன்றவில்லை.

அரபு நூல்களிலும் சிக்கல் உண்டு. ஹிஜ்ரி 377இல் (987) அல்-ஃபிஹ்ரிஸ்த் என்னும் நூற்பட்டியலை எழுதிய பக்தாதுப் புத்தக வணிகர் இப்னு நதீம், ஜாபிர் என்றொருவர் இருந்ததே இல்லை என்று அறிஞர் சிலரும் புத்தக வணிகர் சிலரும் சொல்வதாக எழுதுகிறார். பிறகு அதனை மறுத்து, ஜாபிர் இருந்தார் என்பதே தம் கருத்து என்கிறார். இமாம் ஜஅஃபர் ஸாதிக் (ரஹ்) அவர்களின் மாணவர் என்று சொல்லப்படும் ஒருவரைப் பற்றி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, நம்மவர்களே கேட்ட கேள்வி இது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் கெய்ரோவில் இரு பாகங்களாக வெளிவந்த ஆய்வில் பவுல் கிராவுஸ், இந்நூல் தொகுதி ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பலர் கைகளால் எழுதப்பட்டது என்றார்.

இதை வாசித்த இரவு எனக்கு வருத்தமாகவே இருந்தது. பிறகு ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 188ஆவது வசனம் நினைவுக்கு வந்தது. தாம் செய்யாததற்காகப் புகழப்பட விரும்புவோரைப் பற்றிய எச்சரிக்கை அது. தனக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவன் பொய்யின் இரு ஆடைகளை உடுத்தியவனைப் போன்றவன் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உண்டு. தனிமனிதருக்குச் சொன்னது சமுதாயத்துக்குப் பொருந்தாதா? மேலும், பலவீனமான ஒரு பெருமையை நாம் பேசும்போது கேட்பவர் அதை உடைத்துவிட்டால், அதனுடன் நம்முடைய வலுவான பெருமையும் சேர்ந்து உடைகிறது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள்தான் அந்த வெட்கத்தைச் சுமக்கிறார்கள்.

வலுவான பெருமை எது என்பதைச் சாம்பலே சொல்கிறது. 1807இல் இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி, உருக்கிய பொட்டாஷில் மின்சாரத்தைச் செலுத்திப் புதிய உலோகம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். ஆங்கிலத்தில் அதற்குப் பொட்டாசியம் என்று பெயர். ஜெர்மன் முதலான மொழிகளில் காலியம். பொட்டாசியத்தின் குறியீடு ஏன் 'கே' என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. கலீ என்பதன் முதல் எழுத்து அது. பிரான்சில் லெப்லாங் 1791இல் கடலுப்பிலிருந்து சோடா எடுக்க வழி கண்ட பின் செடிச் சாம்பலின் தேவை குறைந்தது. ஆனால் உப்பின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றும் அந்த முறையில் ஹைட்ரஜன் குளோரைடு ஆவி புகைபோக்கி வழியே வெளியேறி, ஆலைகளைச் சுற்றியிருந்த பயிர்களையும் மரங்களையும் கருக்கியது. காரம் செய்யப் போய் அமிலத்தைப் பொழிந்தார்கள். அதனால் பிரிட்டனில் 1863இல் ஒரு சட்டம் வந்தது. அந்த ஆவியில் நூற்றுக்கு 95 பங்கைப் பிடித்து அடக்க வேண்டும் என்று ஆலைகளுக்குக் கட்டளையிட்டது. சட்டத்தின் பெயர் அல்கலிச் சட்டம். பதவிகள் பாலையோரத்தில் எரித்த செடிச் சாம்பலின் பெயர் ஆங்கிலேய நாடாளுமன்றத்தின் ஏட்டில் ஏறியது. இதற்கு ஸனது அறுபடாமல் இருக்கிறது.

அடுத்து வந்த ஒரு ஜும்ஆவில், முன்பு சொன்னதைத் திருத்திச் சொன்னேன். மக்தப் கூடத்தின் சுவரில் முஸ்லிம் விஞ்ஞானிகள் என்ற தலைப்பில் எழுதியிருந்த வரியையும் மாற்றி எழுதச் செய்தோம். கேள்வி கேட்ட இளைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்தப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதாக ஒப்புக்கொண்டார். கஞ்சி காய்ச்சிய அடுப்பின் சாம்பலை நீரில் ஊற வைத்து, துணியில் வடித்துக் கொண்டுவந்தார். மஞ்சள் தடவிய வெள்ளைக் காகிதத்தில் அந்த நீரைத் தொட்டு வைத்தார், செக்கச் சிவந்தது. அதன் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தார், பழையபடி மஞ்சளானது. முன்வரிசையில் இருந்த சிறுமி, "ஹஜ்ரத், மறுபடியும் சாம்பல் தண்ணி விட்டா?" என்று கேட்டாள். விடச் சொன்னேன். சிவந்தது.